பால் கட்டும் நேரத்தில் யாரைக் கூப்பிடுவது?

முதல் ஆறு மாதம் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும், ஒரு வாய்த் தண்ணீர்கூட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2017-ல் மகப்பேறு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது இந்திய அரசு. 26 வாரம் என்பது 182 நாள், அதாவது ஆறு மாதம். காகிதத்தில் இரண்டும் கச்சிதமாகப் பொருந்துகின்றன.

பனியன் கம்பெனிகள் நிறைந்த திருப்பூரில் பொருந்துவதில்லை. அந்த 26 வாரத்தில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். நிறைமாத வயிற்றோடு ஓவர்லாக் மிஷின் முன்னால் வளைந்து உட்கார முடியாதவர்கள் அதை எடுத்துத்தான் ஆக வேண்டும். அப்படி எடுத்தவருக்குக் குழந்தை பிறந்த பின் மிஞ்சுவது 18 வாரம், நான்கு மாதத்துக்குக் கொஞ்சம் கூட. மூன்றாவது பிரசவம் என்றால் மொத்த விடுப்பே 12 வாரம்தான். இதுவும் இ.எஸ்.ஐ. காப்பீடு இருப்பவர்களின் கணக்கு. முந்தைய இரண்டு பங்களிப்புக் காலத்தில் 70 நாளாவது சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்திருந்தால்தான் மகப்பேறுப் பணம் கிடைக்கும். பத்துப் பேருக்குக் குறைவாக வைத்து, சனிக்கிழமை கையில் கூலி கொடுத்து ஓட்டும் சிறு தையல் கூடங்களான பவர் டேபிள்களில் அந்தப் பேச்சே கிடையாது. அங்கே வேலை செய்யும் பெண், வீட்டு வாடகையும் கடனும் துரத்த, இரண்டு மூன்று மாதத்திலேயே பிசிறு வெட்டவோ செக்கிங் பார்க்கவோ வந்துவிடுகிறார்.

வந்த பிறகு என்ன ஆகிறது? காலை 8.30-க்கு உள்ளே போனால், ஒன்றரை ஷிஃப்ட் ஓடும் நாளில் வெளியே வர இரவு 8.30. இடைப்பட்ட பன்னிரண்டு மணி நேரத்தில் குழந்தை நான்கைந்து முறையாவது பால் குடித்திருக்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் மார்பு கனக்கத் தொடங்கும், பிறகு கல்லாகும், துணி நனையும். துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு பீஸ் எண்ணுவதைத் தவிர வேறு வழி தெரியாதவர்கள் இங்கே ஏராளம். வெளியேறாமல் தேங்கும் பால், இனிச் சுரப்பைக் குறைக்கலாம் என்று உடம்புக்குத் தகவல் சொல்கிறது. இரண்டு வாரத்தில் பால் குறைகிறது. வீட்டில் மாமியார் பால் பவுடர் டப்பாவைத் திறக்கிறார். பிறகு, "அவளுக்குப் பால் வத்திப்போச்சு" என்று ஊர் சொல்கிறது. வற்றியதல்ல, வற்ற வைத்தது என்று சொல்ல அங்கே யாரும் இருப்பதில்லை.

தமிழ்நாட்டுப் புள்ளிவிவரத்திலேயே இந்தச் சறுக்கல் தெரிகிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெறும் குழந்தைகள் 60.2 சதவீதம். நாட்டின் சராசரியோ 41.8. ஆனால் ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும் என்ற கணக்குக்கு வந்தால் நாம் 55.1-ல் நிற்கிறோம், நாடு 63.7-ல். தொடக்கத்தில் நாட்டை முந்துகிறவர்கள் பாதி வழியில் பின்தங்குகிறார்கள். மருத்துவமனை வாசல் வரை அரசு கையைப் பிடித்துக்கொண்டு வருகிறது. வீட்டுக்குப் போன பிறகு வரும் மாதங்களில்தான் பிடி நழுவுகிறது.

அந்த மாதங்களில் அந்தப் பெண்ணின் கையில் இருப்பது ஒரு செல்போன். அது எந்த அளவுக்கு உதவும் என்று உலகம் முழுக்கச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். முடிவுகள் ஒரே மாதிரி இல்லை என்பதில்தான் பாடமே இருக்கிறது.

இந்தியாவின் மிகப் பெரிய முயற்சி ‘கில்காரி’. மத்திய அரசு 2016 ஜனவரியில் தொடங்கிய சேவை. கர்ப்பத்தின் நான்காம் மாதத்திலிருந்து குழந்தைக்கு ஒரு வயது ஆகும் வரை வாரம் ஒரு அழைப்பு, மொத்தம் 72. போனை எடுத்தால் ஒரு மருத்துவரின் குரலில், அந்த வாரத்துக்கு ஏற்ற அறிவுரை ஒலிக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கேட்கலாம், சாதாரண பட்டன் போனே போதும். இலட்சக்கணக்கான வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்த இந்தச் சேவையை மத்தியப் பிரதேசத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் முறையாக ஆய்வு செய்தார்கள். குடும்பக் கட்டுப்பாட்டு முறைகளைப் பயன்படுத்துவதில் சிறிய முன்னேற்றம் தெரிந்தது. தாய்ப்பால் மட்டும் கொடுப்பதிலோ, அழைப்பு வந்த வீட்டுக்கும் வராத வீட்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் வேறொரு சோதனை. முதல் குழந்தை பெற்ற 1,152 பெண்கள். அவர்களில் பாதிப் பேரை, முன்பு தாய்ப்பால் கொடுத்து அனுபவப்பட்ட தன்னார்வத் தாய்மார்கள் போனில் கூப்பிட்டுப் பேசினார்கள். செயலி இல்லை, வீடியோ இல்லை, வெறும் பேச்சு. 2019-ல் வெளியான முடிவின்படி, ஆறு மாதத்தில் குழந்தைக்குத் தாய்ப்பால் கிடைத்துக்கொண்டிருந்தது பேச்சுத் துணை கிடைத்தவர்களில் 75 சதவீதம், கிடைக்காதவர்களில் 69. ஆறு புள்ளி வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் செலவு ஒரு போன் பேச்சு மட்டுமே.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். கில்காரி சொல்கிறது, மெல்போர்ன் தாய் கேட்கிறார். தாய்ப்பால் நல்லது என்று தெரியாத தாய் இன்று திருப்பூரில் கிடையாது. அவருக்கு வேண்டியது அறிவுரை இல்லை. நேற்று ராத்திரியிலிருந்து இடது மார்பு மட்டும் ஏன் வலிக்கிறது என்ற கேள்விக்குப் பதில். பதிவு செய்த குரலால் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது.

மறுமுனையில் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தால் பேச்சு எப்படிப் போகும் என்று பார்க்கலாம். "பால் பத்த மாட்டேங்குதுங்க சிஸ்டர், பாப்பா அழுதுட்டே இருக்குது" என்று ஒரு தாய் சொல்கிறார். விவரமான செவிலியர் உடனே மாத்திரை பெயர் சொல்ல மாட்டார். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை துணி நனைக்குது கண்ணு?" என்பார். ஐந்து நாளைத் தாண்டிய குழந்தை நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்தால், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையை மீண்டும் எட்டியிருந்தால், பால் போதுகிறது என்று பொருள். அழுகைக்குப் பசி மட்டும் காரணமில்லை. மாலை நேரத்தில் விட்டு விட்டுக் குடிப்பதும் அழுவதும் பல குழந்தைகளின் வழக்கம். அடுத்து, "வீடியோ கால் போடு, பாப்பா வாய் வைக்கிறதைப் பார்க்கிறேன்" என்பார். வாய் அகலத் திறந்திருக்கிறதா, கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்கிறதா, தாடை மார்பைத் தொடுகிறதா, காம்பை மட்டும் கவ்வுகிறதா, கருவட்டத்தின் பெரும்பகுதியையும் சேர்த்துக் கவ்வுகிறதா என்று பார்ப்பார். காம்பு மட்டும் வாயில் இருந்தால் தாய்க்கு வலி, குழந்தைக்குப் பால் இல்லை. நூறு அறிவுரைக் குரல் செய்யாததைக் குழந்தையை அரை அங்குலம் நகர்த்துவது செய்துவிடும்.

எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் அந்தச் செவிலியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மார்பில் சிவந்த கட்டியோடு காய்ச்சல், குழந்தை சோர்ந்து குடிக்க மறுப்பது, சிறுநீர் குறைவது இவையெல்லாம் போனில் தீர்க்கும் சமாச்சாரங்கள் அல்ல. "இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு" என்று சொல்லத் தெரியாத செயலி ஆபத்தானது.

கவ்வும் முறையைக் கற்றுக்கொடுக்கத் தமிழிலேயே நல்ல வீடியோக்கள் இருக்கின்றன. கண்ணன் மௌத்கல்யா மும்பை ஐ.ஐ.டி.யில் தொடங்கிய ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டம் முதலில் கணினி மென்பொருள் கற்பிக்க வந்தது. பிறகு அதே பாணியில், குழந்தை மருத்துவர் ரூபல் தலாலின் வழிகாட்டுதலில், தாய் சேய் ஊட்டம் பற்றிய பாடங்களும் சேர்ந்தன. குழந்தையைக் குறுக்கே தாங்கிப் பிடிப்பது எப்படி, கையால் பாலைப் பீய்ச்சுவது எப்படி என்று ஒவ்வொன்றும் சின்னச் சின்னப் படம். தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் இலவசமாகக் கிடைக்கிறது. யூடியூபில் ‘பால் சுரக்க’ என்று தேடினால் முதலில் வருவது இதுவல்ல, பூண்டுக் குழம்பும் விளம்பரப் பொடியும்தான் என்பது வேறு விஷயம்.

மருந்து விஷயத்தில் இன்னொரு கருவி உண்டு. தாய்க்குக் காய்ச்சல் வந்தால், "மாத்திரை போடறேன், பால் கொடுக்கலாமா?" என்ற பயத்தில் இரண்டு நாள் பாலை நிறுத்திவிடுவது நம் ஊரில் சகஜம். பாராசிட்டமால் போன்ற சாதாரண மருந்துகளுக்கு அது தேவையே இல்லை. எந்த மருந்து பாலில் எவ்வளவு கலக்கிறது, குழந்தைக்கு என்ன ஆகும் என்பதை அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் ‘லாக்ட்மெட்’ தரவுத்தளம் 2006 முதல் இலவசமாகச் சொல்லி வருகிறது. ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. தாய் படிக்க வேண்டாம், அவருக்கு மருந்து எழுதுகிற மருத்துவரும் மருந்துக் கடைக்காரரும் பார்த்தால் போதும்.

அதே போன் வழியாக எதிர்த்தரப்பும் நுழைகிறது. பால் பவுடர் நிறுவனங்களின் சமூக ஊடகக் கணக்குகள் நாளொன்றுக்கு 90 முறை வீதம் பதிவு போட்டு 22.9 கோடிப் பேரை எட்டுகின்றன என்று 2022-ல் உலக சுகாதார நிறுவனம் கணக்குக் காட்டியது. வணிக நோக்கமில்லாமல் தாய்ப்பால் பற்றிப் பேசும் கணக்குகள் எட்டும் கூட்டத்தைப் போல இது மூன்று மடங்கு. இந்தியாவில் 1992-ன் சட்டம் இரண்டு வயது வரைக்குமான பால் பவுடரையும் பால் புட்டியையும் விளம்பரம் செய்வதற்குத் தடை விதிக்கிறது. 2003-ன் திருத்தத்துக்குப் பிறகு மின்னணு வழி விளம்பரமும் அதில் அடக்கம். சட்டம் கறாரானதுதான். ஆனால் பிரபலமான ஒரு அம்மா தன் குழந்தையோடு புன்னகைக்கும் வீடியோவின் ஓரத்தில் டப்பா ஒன்று தெரிந்தால் அது விளம்பரமா, வாழ்க்கையா என்று யார் பிரித்துச் சொல்வது?

திருப்பூருக்கே உரிய ஒரு சிக்கல் மொழி. பனியன் கம்பெனிகளை நம்பி இங்கே சுமார் ஆறு இலட்சம் பேர் நேரடியாக வாழ்கிறார்கள், அவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஒடிசா, பீகார், ஜார்கண்ட், மேற்கு வங்கம், அசாமிலிருந்து வந்த குடும்பங்கள் லைன் வீடுகளில் நிறைந்திருக்கின்றன. பிரசவத்துக்கு ஊருக்குப் போக முடியாத ஒடியாப் பெண்ணுக்கு அருகில் அம்மா இல்லை, பாட்டி இல்லை, பேசும் மொழி தெரிந்த செவிலியரும் இல்லை. இப்படிப்பட்டவருக்குக் கில்காரியின் சொந்த மொழிக் குரல் பயன்படலாம், சொந்த ஊரில் பதிவு செய்த எண் கையில் இருக்கும் வரை. வீடியோவுக்கு மொழித் தடை இன்னும் குறைவு. தமிழ்ச் செவிலியர் தன் போனில் ஒடியா வீடியோவைப் போட்டுக் காட்டிவிட்டுக் கையால் விளக்கலாம். இதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம்.

போன் யாருடையது என்பது அடுத்த கேள்வி. அந்த 2019-21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் ஏறத்தாழ நான்கில் மூவரிடம் சொந்தமாகச் செல்போன் இருந்தது. இணையம் பயன்படுத்தியவர்கள் பாதிக்கும் சற்றுக் குறைவு. அந்த எண்ணிக்கை இன்று கூடியிருக்கும். ஆனாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த எண் கணவருடையதாக இருந்தால், செவிலியர் கூப்பிடும் நேரத்தில் அவர் நிட்டிங்கில் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார். எடுக்கப்படாத அழைப்பாகப் பதிவாகும். இதை நல்ல வாய்ப்பாகவும் மாற்றலாம். போனை எடுப்பது அப்பா என்றால் அப்பாவிடமே பேசலாம். இரவுப் பால் நேரத்தில் குழந்தையைத் தூக்கித் தருவது, பீய்ச்சிய பாலைப் பாலாடையில் ஊட்டுவது, ‘பால் பத்தலை’ என்று நச்சரிக்கும் உறவினரைச் சமாளிப்பது எல்லாம் ஆண் செய்யக்கூடிய வேலைகளே.

சமூக ஊடகம் உருப்படியாகச் செய்த காரியமும் இந்த வட்டாரத்தில் உண்டு. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்காகக் கோவை, திருப்பூர்ப் பகுதித் தாய்மார்கள் தாய்ப்பால் தானம் செய்கிறார்கள். வீட்டில் பீய்ச்சி, பையில் அடைத்து, ஃப்ரீசரில் வைக்கிறார்கள். தன்னார்வலர்கள் வந்து எடுத்துப் போய் அரசு மருத்துவமனைப் பால் வங்கியில் சேர்க்கிறார்கள். கோவையைச் சேர்ந்த ஒரு தாய் ஏழே மாதத்தில் 42 லிட்டர் கொடுத்தது 2022-ல் செய்தியானது. தமிழ்நாட்டில் 2015-ல் ஏழு அரசு மருத்துவமனைகளில் பால் வங்கிகளும், பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளும் திறக்கப்பட்டன. யாருக்கு எப்போது கொடுக்கலாம், எப்படிச் சேமிப்பது என்ற தகவல் பரவியதில் வாட்ஸ்அப்புக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் பங்கு உண்டு.

அந்தச் சேமிக்கும் வித்தை தானம் கொடுப்பவரைவிட வேலைக்குப் போகும் டெய்லருக்கு அதிகம் தேவை. கை கழுவி, கொதிக்க வைத்த எவர்சில்வர் கிண்ணத்தில் பீய்ச்சிய பால், 25 டிகிரிக்கு மேற்படாத அறையில் நான்கு மணி நேரம் தாங்கும். குளிர்பெட்டியில் நான்கு நாள் வரை. நம் சித்திரை வெயிலில், தகர ஷீட் போட்ட ஷெட்டுக்குள் 25 டிகிரியை எங்கே தேடுவது? அதனால் கம்பெனியில் ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் இல்லாவிட்டால் பீய்ச்சும் பால் கழிப்பறையில்தான் போகும். அப்போதும் பீய்ச்சுவது நல்லது. மார்பு காலியாவதால் சுரப்பாவது நிற்காமல் இருக்கும்.

இங்கேதான் எல்லாச் செயலியும் ஒரு சுவரில் போய் முட்டுகிறது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பாலை எடுத்துவிடுங்கள் என்று போன் நினைவூட்டலாம். லைனில் போனுக்கு அனுமதி இல்லை, அல்லது எழுந்தால் புரொடக்‌ஷன் குறைகிறது என்றால் அந்த நினைவூட்டல் யாருக்கு? குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை வேலை நேரத்தில் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் 1961-ன் மகப்பேறு நலச் சட்டம் முதலே இருந்துவரும் உரிமை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் நாளில் நான்கு முறை அங்கே போகலாம் என்று 2017-ன் திருத்தம் சேர்த்தது. ஆடிட் வரும் நாளில் மட்டும் திறக்கும் காப்பகங்களைப் பற்றித் தொழிலாளர் அமைப்புகள் வெகுநாளாகச் சொல்லி வருகின்றன.

நமக்குப் போட்டியாகச் சட்டை தைக்கும் வங்கதேசத்தில், யுனிசெஃப் 2017 முதல் ‘மதர்ஸ் அட் ஒர்க்’ என்ற பெயரில் ஆயத்த ஆடை ஆலைகளோடு வேலை செய்கிறது. பாலூட்டும் இடம், இடைவேளை, காப்பகம், சம்பளத்தோடு விடுப்பு, பணம் மற்றும் மருத்துவப் பயன், வேலைப் பாதுகாப்பு, ஆபத்தில்லாத பணிச்சூழல் என்று ஏழு குறைந்தபட்சத் தரங்கள். டாக்காவில் முடிவது ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்யும் திருப்பூரில் முடியாது என்று சொல்ல முகாந்திரம் இல்லை.

அரசு செய்ய வேண்டியதற்குப் புதிய செயலி எதுவும் தேவையில்லை. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பிணியும் ‘பிக்மி’ தளத்தில் பதிவாகிறார். அந்த எண் இல்லாமல் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ்கூட வாங்க முடியாது. பிரசவம் நடந்த தேதி அரசுக்குத் தெரியும், போன் எண் தெரியும், எந்தச் செவிலியரின் எல்லை என்பதும் தெரியும். தாய்மார்களுக்கான ஆதரவு பற்றிய நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை 2022-ல் தொகுத்த கோக்ரேன் குழு, நான்கிலிருந்து எட்டு முறை தொடர்புகொள்வது நல்ல பலன் தரலாம் என்கிறது. மூன்றாம் நாள், பத்தாம் நாள், ஆறாம் வாரம், வேலைக்குத் திரும்பும் வாரம் என்று நான்கு அழைப்புகளைப் பிக்மியிலேயே நேரம் குறித்துவைக்கலாம். இதில் நான்காவதைத்தான் யாரும் நினைப்பதில்லை. திருப்பூருக்கு மிக அவசியமானதும் அதுவே.

கம்பெனிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள ஒரு சிறு அறை, முதுகு சாய்க்க நாற்காலி, கை கழுவத் தண்ணீர், ஒரு ஃப்ரிட்ஜ், அந்த அறைக்குள் போன் பேச அனுமதி. ஒரு பவர் டேபிள் முதலாளிகூடப் பக்கத்துக் கடைக்காரர்கள் நான்கு பேரோடு சேர்ந்து இதைப் பொதுவில் வைக்கலாம்.

இதைப் படிப்பவர் வீட்டில் கைக்குழந்தை இருந்தால், பால் குறைகிறது என்று தோன்றும் முதல் நாளே பகுதிச் செவிலியரைக் கூப்பிடுங்கள். ராத்திரி நேரமாகிவிட்டால் 104-க்குப் போடுங்கள். கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள்.